மார்கோ ராபியும் கவினும்: சீரியலிலிருந்து சினிமா எவ்வளவு தூரம்?

1990ஆம் ஆண்டு ஜூன் 22 அன்று திருச்சியில் கவின் பிறந்தார். பத்து நாள் கழித்து, ஜூலை 2 அன்று, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் டால்பி என்ற சிற்றூரில் மார்கோ ராபி பிறந்தார். இருவருக்கும் முதலில் பெயர் வாங்கித் தந்தது, வீட்டுக்கூடத்தில் தினமும் ஓடிய தொலைக்காட்சித் தொடர். இருவரும் அதைவிட்டு இறங்கி சினிமாவுக்கு வந்தவர்கள். இந்த இரண்டு பெயரையும் ஒரே வரியில் எழுதினால் புருவம் உயர்த்துபவர்கள் உண்டு. ஒருவர் ஆஸ்கர் மேடை வரை போனவர், மற்றவர் தமிழ்ச் சினிமாவில் இன்னும் இடம் பிடித்துக்கொண்டிருப்பவர். புகழையும் சம்பளத்தையும் தராசில் வைத்தால் இந்த ஒப்பீடு முதல் பத்தியிலேயே முடிந்துவிடும். எனக்கு அதில் அக்கறை இல்லை. ஒரே வயதுடைய இரண்டு சீரியல் நடிகர்களுக்கு இரண்டு ஊர்கள் எப்படிக் கதவு திறந்தன, எவ்வளவு நேரம் வாசலிலேயே நிற்க வைத்தன என்பதைத்தான் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. ராபி 'நெய்பர்ஸ்' தொடரில் தோன்றியது 2008 ஜூனில். மார்ட்டின் ஸ்கார்செஸியின் 'தி வுல்ஃப் ஆஃப் வால் ஸ்ட்ரீட்' வெளிவந்தது 2013 டிசம்பரில். இடையில் ஐந்தரை ஆண்டு. கவின் விஜய் டிவியின் 'கனா காணும் காலங்கள்: கல்லூரியின் கதை' வழியாக வீடுகளுக்குள் வந்தது 2011 வாக்கில். 'டாடா' வெளிவந்து, இவர் சினிமா நாயகன்தான் என்று ஊர் ஒப்புக்கொண்டது 2023 பிப்ரவரியில். இடையில் ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டு. மெல்போர்னிலிருந்து லாஸ் ஏஞ்சலீஸுக்குப் பசிபிக் பெருங்கடலைத் தாண்டிப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறக்க வேண்டும். வடபழனியிலிருந்து பூந்தமல்லிக்குப் பேருந்தில் ஒரு மணி நேரம். குறைந்த தூரம்தான் அதிக காலத்தை விழுங்கியிருக்கிறது.

இந்தக் கதை நடந்த இடத்தையும் சொல்லியாக வேண்டும். சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை 26 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு தடம் போடுகிறார்கள். அதன் நிறுத்தங்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: கோடம்பாக்கம், வடபழனி, சாலிகிராமம், ஆழ்வார்திருநகர், வளசரவாக்கம், போரூர், ஐயப்பன்தாங்கல், குமணன்சாவடி, பூந்தமல்லி. தமிழ்ச் சினிமாவும் சின்னத்திரையும் வாழ்ந்த, வாழும் தெருக்கள் பெரும்பாலும் இந்தத் தடத்தில்தான் இருக்கின்றன. நகரத்தில் நிலத்தின் விலை ஏற ஏற, ஸ்டூடியோக்கள் குடியிருப்புகளாக மாற மாற, பெரிய செட் போடுவதற்கான இடம் மேற்கே நகர்ந்துகொண்டே வந்தது. பூந்தமல்லியைத் தாண்டி, செம்பரம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில், ஒரு காலத்தில் கேளிக்கைப் பூங்காவாக இருந்த நிலம் இன்று ஈவிபி ஃபிலிம் சிட்டி. பிக் பாஸ் தமிழின் வீடு அங்கேதான் இருக்கிறது. அம்பத்தூரிலும் ஆவடியிலும் வேலை முடிந்து வந்து இரவில் டிவி முன் உட்காரும் குடும்பங்கள் பார்ப்பது, பல நாட்களில் தங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஒரு கொட்டகைக்குள் நடப்பதைத்தான்.

மெல்போர்னில் இதற்கு இணையான இடம் நனாவாடிங். அதுவும் புறநகர்தான், நகர மையத்திலிருந்து கிழக்கே சுமார் 18 கிலோமீட்டர். 'நெய்பர்ஸ்' தொடரின் உட்புறக் காட்சிகள் அங்கிருந்த ஸ்டூடியோவில் எடுக்கப்பட்டன. தொடரில் வரும் ராம்சே தெருவோ, அருகிலுள்ள வெர்மான்ட் சவுத்தில் உண்மையான குடும்பங்கள் வசிக்கும் பின் ஓக் கோர்ட் என்ற தெரு. 1985 மார்ச்சில் தொடங்கிய அந்தத் தொடர், பெரும்பாலும் வாரத்துக்கு ஐந்து நாள், அரைமணி நேரம் என்று முப்பத்தேழு ஆண்டு ஓடி 2022இல் நின்றது. 2023இல் அமேசான் அதை மீட்டெடுத்தது. 2025 டிசம்பரில் மறுபடி முடிந்தது.

நெய்பர்ஸிலிருந்து யார் யார் வெளியே வந்தார்கள் என்று பார்த்தால்தான் ராபியின் வேகம் புரியும். கைலி மினோக், கை பியர்ஸ், லியாம் ஹெம்ஸ்வொர்த் எல்லாரும் அங்கிருந்து வந்தவர்கள். அதன் போட்டித் தொடரான 'ஹோம் அண்ட் அவே' தந்தவர்கள் ஹீத் லெட்ஜர், கிறிஸ் ஹெம்ஸ்வொர்த், ஐலா ஃபிஷர். இப்படி ஒரு வம்சாவளி உருவாகிவிட்டால், அடுத்து வரும் இருபது வயதுப் பெண்ணைப் பார்க்கும் கண்ணும் மாறிவிடும். ஹாலிவுட்டின் காஸ்டிங் ஆட்களுக்கு ஆஸ்திரேலியத் தொடர் நடிகர் என்றால், தினமும் பக்கம் பக்கமாக வசனம் மனப்பாடம் செய்து, இரண்டு டேக்கில் காட்சியை முடித்துப் பழகியவர் என்று அர்த்தம். தொடர் அங்கே பள்ளிக்கூடம்.

தமிழில் நதி எதிர்த்திசையில் ஓடியது. நம் மெகா சீரியலின் பொற்காலத்தை எண்ணிப் பாருங்கள். 1999இல் சன் டிவியில் 'சித்தி' தொடங்கியபோது அதன் மையம் ராதிகா. 2003இல் 'கோலங்கள்' வந்தபோது தேவயானி. இருவரும் சினிமாவில் உச்சம் பார்த்துவிட்டு வந்தவர்கள். அவர்களால் சின்னத்திரை வளர்ந்தது, மறுக்க முடியாது. ஆனால் அதனுடன் ஒரு எண்ணமும் ஊறிப்போனது: சினிமா முடிந்தால் சீரியல். சீரியலிலிருந்து கிளம்புகிறவர் அந்த எண்ணத்தை எதிர்த்து நீந்த வேண்டும். 'சீரியல் முகம்' என்ற இரண்டு சொல்லைச் சொல்லி எத்தனை பேரை வாசலோடு அனுப்பியிருக்கிறார்கள் என்பது சாலிகிராமத்துக் கிளைத்தெருக்களில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் எந்த நடிகரைக் கேட்டாலும் தெரியும். தினமும் இலவசமாகப் பார்க்கிற முகத்தைக் காசு கொடுத்து யார் பார்ப்பார்கள் என்பதே அந்த வாதம்.

அந்த வாதத்துக்கு நம்மிடமே மறுப்பு உண்டு. 'லொள்ளு சபா' சந்தானம் 2004இல் 'மன்மதன்' வழியாக வந்தார். விஜய் டிவி மேடைகளிலிருந்து சிவகார்த்திகேயன் 2012இல் 'மெரினா' வழியாக வந்தார். வடக்கே 'ஃபௌஜி' என்ற தூர்தர்ஷன் தொடரில் 1989இல் தோன்றிய ஷாருக் கான் மூன்றே ஆண்டில் 'தீவானா'வின் நாயகன். ஆனால் சந்தானமும் சிவகார்த்திகேயனும் சிரிக்க வைத்து வந்தவர்கள். அவர்களைத் தமிழ்ச் சினிமா தயங்காமல் ஏற்றது. இரவு நேரக் குடும்பத் தொடரில் காதலனாகவும் கணவனாகவும் நடித்தவர்களுக்கு அந்த வாசல் நெடுநாள் சாத்தியே இருந்தது. கவின் நின்றது அந்த வாசலில்.

சென்னை லயோலா கல்லூரியில் படித்துவிட்டு நடிக்க வந்த அவருக்குப் பெரிய பெயர் கிடைத்தது 'சரவணன் மீனாட்சி' இரண்டாம் பருவத்தில், ரச்சிதா மகாலட்சுமிக்கு இணையாக, வேட்டையன் என்ற பாத்திரத்தில். அந்தப் பெயர் இன்றும் அவரைத் துரத்துகிறது. நடுவில் சினிமாவில் கிடைத்தவை 'பீட்சா' (2012), 'இன்று நேற்று நாளை' (2015), 'சத்ரியன்' (2017) போன்ற படங்களில் சிறு வேடங்கள். டிவியில் வாராவாரம் லட்சக்கணக்கானோர் பார்த்த ஒருவர், திரையரங்கில் நாயகனின் நண்பர் கூட்டத்தில் ஒருவராக நின்றார். நாயகனாக நடித்த முதல் படம் 'நட்புனா என்னானு தெரியுமா' 2019 மே மாதம் வந்து, சத்தமில்லாமல் போனது.

தன் தொடக்க ஆண்டுகளில் ராபி என்ன செய்துகொண்டிருந்தார்? பதினேழு வயதில் குயின்ஸ்லாந்திலிருந்து மெல்போர்னுக்கு வந்து, விருந்தினர் வேடமாகத் தொடங்கிய டோனா ஃப்ரீட்மன் பாத்திரத்தை நிரந்தரப் பாத்திரமாக்கிக்கொண்டார். ஒப்பந்தக் காலம் முடிய இருக்கும்போதே அமெரிக்க உச்சரிப்புக்குப் பயிற்சியாளர் வைத்துத் தயாரானார். 2011 ஜனவரியில் தொடரிலிருந்து விலகினார். அதே ஆண்டு அமெரிக்காவின் ஏபிசி சேனலில் 'பான் ஆம்' தொடர் கிடைத்தது. அது 14 அத்தியாயத்தோடு நிறுத்தப்பட்டது. அந்தத் தோல்வி அவரை மூழ்கடிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அடுத்து ஸ்கார்செஸி படத்துக்கான ஆடிஷன். லியோனார்டோ டிகாப்ரியோவுடன் ஒரு சண்டைக் காட்சியை நடித்துக் காட்டும்போது, எழுத்தில் இல்லாத ஒரு அறையை அவர் கன்னத்தில் விட்டார்; வேடம் கிடைத்தது. பேட்டிகளில் அவரே பலமுறை சொன்ன கதை இது. அறையை எல்லாரும் சிலாகிப்பார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, இளம் தொடர் நடிகை ஒருவர் அந்த அறைக்குள் நுழைய முடிந்தது என்பதே. உலகின் பெரிய இயக்குநர் ஒருவர் ஆடிஷன் வைத்தார். வந்தவர் எந்த சேனலில் நடித்தார் என்பதை வைத்து வாசலிலேயே திருப்பி அனுப்பவில்லை.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ராபிக்கு ஆங்கிலம் தாய்மொழி. உச்சரிப்பை மாற்றினால் சந்தை மாறும். கவினுக்கு அப்படி ஒரு கடல் தாண்டல் இல்லை. ஆனால் அவருக்கு அது தேவையும் இல்லை. 2011 கணக்கெடுப்பிலேயே ஏழு கோடியைத் தாண்டிய தமிழ்நாட்டின் மக்கள்தொகை, ஆஸ்திரேலியாவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் தமிழர்கள் தனி. ஆஸ்திரேலிய நடிகர் நாடு விட்டுப் போவது அங்கே திரைச்சந்தை சிறியது என்பதால். நம் நடிகருக்கு வீட்டு வாசலிலேயே பெரிய சந்தை. அப்படியிருந்தும் அவர் பன்னிரண்டு ஆண்டு காத்திருந்தார் என்றால் கோளாறு சந்தையில் இல்லை. சந்தைக்குள் ஆளை விடும் முறையில் இருக்கிறது.

2019ஆம் ஆண்டு ஜூன் 23. பிக் பாஸ் தமிழ் மூன்றாம் பருவம் தொடங்கியது. இருபத்தொன்பது வயது முடிந்த மறுநாள் கவின் செம்பரம்பாக்கத்து வீட்டுக்குள் இருந்தார். ஒரு மாதம் கழித்து, ஜூலை 26 அன்று, அமெரிக்கத் திரையரங்குகளில் குவென்டின் டாரன்டினோவின் 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் ஹாலிவுட்' வந்தது; ஷரன் டேட்டாக நடித்தவர் ராபி. ஆண்டு முடிவதற்குள் வந்த 'பாம்ப்ஷெல்' இரண்டாம் ஆஸ்கர் பரிந்துரையைப் பெற்றுத் தந்தது. ஒரே வயது, ஒரே பருவம். ஒருவர் டாரன்டினோவின் கேமராவுக்கு முன்னால். மற்றவர் தொலைபேசி இல்லாத, கடிகாரம் இல்லாத வீட்டில், எப்போதும் அணையாத கேமராக்களுக்கு முன்னால்.

அந்த வீட்டில் கவின் நடந்துகொண்ட விதத்தைத் திட்டியவர்கள் உண்டு, தலையில் தூக்கி வைத்தவர்களும் உண்டு. சக போட்டியாளர்கள் சாண்டி, முகேன், தர்ஷன் ஆகியோருடன் அவர் சேர்ந்து அடித்த கூத்து இன்றும் கைபேசிகளில் சுற்றுகிறது. இறுதிக்குச் சில நாள் முன்பு, ஐந்து லட்சம் ரூபாயை எடுத்துக்கொண்டு வெளியேறலாம் என்ற வாய்ப்பு வந்தபோது அதை ஏற்று வெளியே வந்தார். பட்டம் முகேன் ராவுக்குப் போனது. ஆனால் வேட்டையன் என்ற பெயரை ஓரளவு கழற்றிவிட்டு, கவின் என்ற பெயர் தனியாக நிற்கத் தொடங்கியது அந்த நூறு நாளில்தான். ஆஸ்திரேலியாவில் ஒரு தொடர் ஒப்பந்தமும் ஒரு ஆடிஷனும் செய்த வேலையை, இங்கே பூந்தமல்லிக்கு அப்பால் ஒரு ரியாலிட்டி ஷோ செய்ய வேண்டியிருந்தது. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. நடிகனின் நடிப்பைப் பார்த்து முடிவெடுக்க வேண்டிய ஒரு தொழில், அவர் சாப்பாட்டு மேசையில் எப்படிக் கோபப்படுகிறார் என்பதைப் பார்த்து முடிவெடுத்தது. திறமைக்கு அது நியாயமான தேர்வு அல்ல.

அதே பக்கத்துக் கொட்டகைகளில் உழைக்கிறவர்களை மறந்துவிட்டு நடிகர்களை மட்டும் பேசுவதும் நியாயமில்லை. 2020 பிப்ரவரி 19 அன்று 'இந்தியன் 2' படப்பிடிப்பில் கிரேன் சரிந்து மூன்று பேர் உயிரிழந்தது ஈவிபி வளாகத்தில்தான். அதே ஆண்டு நவம்பரில் நிவர் புயல் வந்து செம்பரம்பாக்கம் ஏரி திறக்கப்பட்டபோது பிக் பாஸ் வீட்டிலிருந்தவர்களைத் தற்காலிகமாக வேறிடத்துக்கு மாற்றினார்கள். ஏரிக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலை ஓரத்தில், தற்காலிகக் கட்டுமானங்களில் நடக்கும் தொழில் இது. இந்தப் புறநகர் சினிமாவுக்கு இடம் தந்திருக்கிறது. சினிமா இந்தப் புறநகருக்குப் பாதுகாப்பான பணியிடத்தைத் திருப்பித் தந்திருக்கிறதா என்று கேட்கும் உரிமை இங்கே வாழ்கிறவர்களுக்கு உண்டு.

பிக் பாஸுக்குப் பிறகும் கவினுக்குக் கதவு பட்டென்று திறக்கவில்லை. இயக்குநர் நெல்சனின் 'டாக்டர்' படத்தில் அவர் உதவி இயக்குநராக வேலை பார்த்தார். முகம் தெரிந்த நடிகர் கேமராவுக்குப் பின்னால் போய் நின்றது, அவருடைய வாழ்க்கையில் எனக்கு மிகவும் மரியாதை தரும் பகுதி. 2021 அக்டோபரில் 'லிஃப்ட்' நேராக ஓடிடியில் வந்தது. அலுவலக லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஐடி ஊழியரின் பேய்க்கதை. அதற்கடுத்து 'டாடா'. கல்லூரி முடிக்கும் முன்பே தகப்பனாகி, குழந்தையைத் தனியாக வளர்க்கும் இளைஞனாக அவர் நடித்தபோது, சீரியலில் கற்ற பாடம் கைகொடுத்தது. உணர்ச்சியை நெருக்கக் காட்சியில் தாங்கி நிறுத்துவது அந்தப் பாடம். மெகா சீரியலில் ஒரு நாயகன் செய்வது பெரும்பாலும் அதுதான். அங்கே இசையும் மும்முறை வெட்டும் அதை மறைத்துவிடும். 'டாடா'வில் மறைக்க எதுவும் இல்லை.

2024 மே மாதம் வந்த 'ஸ்டார்' இந்த ஒப்பாய்வுக்கு நேராகவே பொருந்தும். நடிகனாக வேண்டும் என்று சிறுவயதிலிருந்து துடிக்கும் ஒருவனின் கதை. ஹரிஷ் கல்யாணுக்காக முதலில் அறிவிக்கப்பட்டு, பிறகு கவினிடம் வந்தது. படம் நீளம், பின்பாதி தடுமாறுகிறது என்று சொன்னவர்களுடன் எனக்கும் உடன்பாடு உண்டு. ஆனால் வாய்ப்புக் கேட்டு நிற்கும் காட்சிகளில் அவர் முகத்தில் இருந்த அவமானம் ஒத்திகை பார்த்து வருவதல்ல. பிறகு வந்த 'பிளடி பெக்கர்', 'கிஸ்', 'மாஸ்க்' மூன்றும் வேறு வேறு திசைகள். எதுவும் 'டாடா' அளவுக்கு ஊன்றவில்லை.

ராபியோ இந்த இடத்தில் வேறொரு வேலை செய்தார். 2014இல், வுல்ஃப் படம் வந்த மறு ஆண்டே, நண்பர்களோடு லக்கிசாப் என்ற தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கினார். அழகான மனைவி, அழகான காதலி என்று வரிசையில் வந்த வேடங்களுக்காகக் காத்திருக்காமல் தன் வேடத்தைத் தானே தயாரித்தார். 'ஐ, டோன்யா' (2017) அப்படி வந்தது. முதல் ஆஸ்கர் பரிந்துரை அதற்குத்தான். 2023இல் 'பார்பி' உலகெங்கும் 140 கோடி டாலருக்கு மேல் வசூலித்தபோது அவர் நடிகை மட்டுமல்ல, தயாரிப்பாளர்.

பெண் என்பதால்தான் அவர் அப்படிச் செய்ய வேண்டியிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அந்த இடத்தில் நம் நிலை இன்னும் மோசம். கவினுக்குப் பன்னிரண்டு ஆண்டு ஆனதென்று வருந்துகிறோம். அதே 'சரவணன் மீனாட்சி'யின் மூன்றாம் பருவ நாயகன் ரியோ ராஜுக்கும் 2023இல் 'ஜோ' அமைந்தது. இரண்டு பருவத்திலும் நாயகி ரச்சிதா. அவரும் பிக் பாஸ் வீட்டுக்குப் போனார், 2022இல், ஆறாம் பருவத்தில். அதே தொடர், அதே செம்பரம்பாக்கத்து வீடு. ஆனால் இரண்டு நாயகர்களுக்கும் கிடைத்த திரைப்படப் பாதை அவருக்குக் கிடைக்கவில்லை. செய்தி வாசிப்பிலிருந்து சீரியலுக்கும் பிறகு 2017இல் 'மேயாத மான்' வழியாகச் சினிமாவுக்கும் வந்த பிரியா பவானி சங்கர், 'தெய்வமகள்' வாணி போஜன் என்று சில விதிவிலக்குகள் உண்டு. மற்றவர்களுக்குத் தடை குரலிலேயே தொடங்குகிறது: சீரியலில் பல நாயகிகளுக்குப் பின்னணிக் குரல் கலைஞர்களே பேசுகிறார்கள். நாலைந்து ஆண்டு தினமும் நடித்தும், அந்த நடிகையின் சொந்தக் குரலை மக்கள் கேட்டதே இல்லை. ராபி தன் குரலைக் கூர்தீட்டிக்கொண்டு தொடரைவிட்டு வெளியே போனார். நம் நாயகி குரலே இல்லாமல் வெளியே வருகிறார். ஆடிஷனில் பாதி அங்கேயே தோற்றுவிடுகிறது.

கடைசியாக ஒரு பட்டியல். ராபியை இயக்கியவர்கள் ஸ்கார்செஸி, டாரன்டினோ, கிரெட்டா கெர்விக். கவின் நாயகனாக நடித்து வெளிவந்த 'நட்புனா என்னானு தெரியுமா', 'லிஃப்ட்', 'டாடா', 'பிளடி பெக்கர்', 'கிஸ்', 'மாஸ்க்' ஆகிய ஆறும் இயக்குநர்களுக்கு முதல் படம். 'ஸ்டார்' இயக்கிய இளன் மட்டுமே முன்பு படம் எடுத்தவர். நெல்சன் 'பிளடி பெக்கர்' படத்தைத் தயாரித்தார், 'மாஸ்க்' படத்துக்குப் பின்னால் இயக்குநர் வெற்றிமாறனின் பெயர் இருந்தது. இருவரும் கவினைப் புதியவர்களின் கையில் கொடுத்தார்கள். சீரியல் நடிகரை நம்பி இயக்கியவர்கள் அநேகமாக எல்லாரும், தங்களையும் யாராவது நம்ப வேண்டும் என்று காத்திருந்தவர்களே. அவர்களைப் பாராட்டுகிறேன். பெயர் பெற்ற இயக்குநர்களிடம் ஒரு வேண்டுகோள் இருக்கிறது: அடுத்த படத்துக்கு முகம் தேடும்போது, வளசரவாக்கத்திலும் போரூரிலும் இன்று மாலை வரை சீரியல் கால்ஷீட்டில் நிற்கும் பெண்களையும் ஆண்களையும் ஆடிஷனுக்கு அழையுங்கள், அவர்கள் சொந்தக் குரலில் பேசுவதைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.